லேயாளுக்கு ஆத்துமா உண்டா

சேவூர் ரோட்டில் இருந்த அந்த நிட்டிங் கம்பெனியில் தேவபிச்சை வாட்ச்மேனாகச் சேர்ந்தபோது, சம்பளம் இல்லாமல் மூன்று நாய்களும் கூடவே சேர்ந்துவிட்டன என்று கம்பெனியில் எல்லோரும் கேலி பேசுவார்கள். கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை, அதன் பின்னால் ஒரு ஓட்டு வீடு. அங்கேதான் அவரும் மனைவி செல்லக்கனியும் குடியிருந்தார்கள். நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பிள்ளை இல்லை. செல்லக்கனி கம்பெனி கேண்டீனில் சமைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் வெள்ளை உடுத்தி, பஸ் ஏறி, திருப்பூரில் சர்ச்சுக்குப் போய்வருவார்கள்.

நாய்களில் ஒன்று செவலை, இன்னொன்று மொட்டைவால். மூன்றாவது ஒரு கிழட்டுப் பெட்டை. அதற்கு ஒரு கண்ணில் வெண்படலம் விழுந்திருந்தது. வெயிலைப் பார்த்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொள்ளும். வேதத்தில் வரும் யாக்கோபின் முதல் மனைவிக்கும் பார்வை மங்கல்தானே என்று தேவபிச்சை அதற்கு லேயாள் என்று பேர் வைத்தார்.

"நாய்க்குப் போயி வேதப் பேரு வச்சுக் கூப்புடுதியளே, கர்த்தர் கேக்க மாட்டாரா?" என்று செல்லக்கனி சண்டைக்கு வந்தாள். ஒரு மாதம் போனது. "லேயா, ஏ லேயா, சாப்புட வாட்டி" என்று அவளே பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

சோறு போட்டால் மற்ற இரண்டும் லேயாளை முட்டித் தள்ளிவிட்டுத் தின்றுவிடும். அதனால் தேவபிச்சை தனியாக ஓர் உருண்டை பிடித்துத் தன் உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். அது பல் படாமல், கையைச் சுத்தமாக நக்கித் தின்னும். நாளாக ஆக, தரையில் போட்டால் தின்னாது என்றாகிவிட்டது. அவர் கையிலிருந்துதான் தின்னும். அவர் காம்பவுண்டைச் சுற்றி வரும்போது அதுவும் நொண்டி நொண்டிப் பின்னாலேயே வரும்.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் மணியனின் மேய்ச்சல் காடு. செம்மறி ஆடுகள் வைத்திருந்தார். வேலி கட்டிய பட்டியில் ஆடுகளை அடைத்துவிட்டு, சுவரோரம் வந்து நின்று தேவபிச்சையோடு பேசிக்கொண்டிருப்பார். மணியன் இவரை "ங்ணா" என்பார். இவர் மணியனை "அண்ணாச்சி" என்பார். இருவரில் யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. மணியன் வீட்டு மோர் சுவர் தாண்டி வரும். செல்லக்கனி சுட்ட முந்திரிக்கொத்து சுவர் தாண்டிப் போகும்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அந்தப் பக்கத்திலிருந்து மணியனின் மனைவி தெய்வாத்தாளின் அலறல் கேட்டது. தேவபிச்சை சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

பட்டி முழுக்க ஆடுகள் கிடந்தன. தின்பதற்காகக் கடித்த கடி இல்லை. வந்த நாய்கள் கழுத்தைக் கவ்விக் குதறிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தன. சில ஆடுகளுக்கு இன்னும் மூச்சு இருந்தது. தெய்வாத்தாள் சேற்றிலேயே உட்கார்ந்து ஒரு சினையாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதன் வயிறு அசைந்துகொண்டிருந்தது. "உள்ள குட்டி இருக்குதுங்ணா, உள்ள குட்டி உசுரோட இருக்குது" என்று தேவபிச்சையைப் பார்த்துச் சொன்னாள். இவரால் என்ன செய்ய முடியும்? மணியன் அழவில்லை. செத்த ஆடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓர் ஓரமாக வரிசையாகப் படுக்கவைத்தார். தேவபிச்சையும் கூடத் தூக்கினார்.

அவர் திரும்பி வந்தபோது கேட்டுக்குப் பக்கத்தில் செவலை படுத்திருந்தது. அதன் வாயோரமெல்லாம் ரத்தம். அவர் நின்றுவிட்டார். பிறகு, என்ன நினைத்தாரோ, ஈரத்துணியை எடுத்துவந்து அதன் வாயைத் துடைத்தார். துடைத்த பிறகுதான் தாம் செய்த காரியம் என்னவென்று அவருக்கே உறைத்தது.

சாயங்காலம் மணியன் வந்தார். கம்பெனி மேனேஜர் சுரேந்தரும் அறைக்குள் இருந்தான். மணியன் சத்தம் போடவில்லை. அவருக்குச் சத்தம் போட வராது.

"ஏனுங்ணா, நானு உங்களை ஒண்ணும் சொல்லலீங்க. ஊருக்குள்ளதான் பேசிக்கறாங்க, கம்பெனி நாயிகதான்னு. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நானு நம்பறனுங்க. உங்க நாயிகளா?"

தேவபிச்சை பொய் சொல்லிப் பழகாதவர். பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை எல்லாம் வேறுவிதமாகப் போயிருக்கும். "செவலை வாயில ரத்தம் இருந்துச்சு அண்ணாச்சி" என்றார். "நாந்தான் தொடச்சேன்."

மணியன் தலையைக் குனிந்துகொண்டார். "மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்தோணுமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு சுரேந்தர் கதவைச் சாத்தினான். கெட்டவன் இல்லை. சின்ன வயது. ஊர்க்காரர்கள் கம்பெனி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டால் முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் அவனுக்கு. "நாய பிடிச்சுட்டுப் போகச் சொன்னா ஆளு வர்றதுக்குள்ள இன்னொரு பட்டி போயிருமுங்க. சோத்துல கலக்க மருந்து வாங்கிட்டு வந்துட்டனுங்க. வேற யாரு சோறு போட்டாலும் மோந்து பார்த்துட்டுப் போயிரும். நீங்க போட்டாத்தானுங்க திங்கும்."

"என் கையாலயா?"

"நாயிதானுங்க. மனுசனா?"

காகிதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். தேவபிச்சை அதை எடுத்து, செல்லக்கனி கண்ணில் படாமல் ஓட்டின் சந்தில் செருகினார்.

அந்தக் கேள்வி மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. நாயா, மனுசனா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் போதகர் சைலஸுக்குக் கைகொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். சைலஸ் இளவயதுப் போதகர். பெங்களூரில் படித்தவர், பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி பிரசங்கம் செய்வார். தேவபிச்சை கடைசி ஆளாக நின்று கேட்டார்.

"ஐயா, மிருகத்துக்கு ஆத்துமா உண்டா?"

போதகர் சிரித்தார். "என்ன ஐயா திடீர்னு? நாய் ஏதும் செத்துப்போச்சா?"

"இல்ல ஐயா. சும்மாதான் கேக்கேன்."

போதகர் பொறுமையாகவே சொன்னார். மிருகங்களுக்கு உயிர்மூச்சு உண்டு. கடவுள் கொடுத்ததுதான் அதுவும். ஆனால் மனிதனை மட்டும்தான் அவர் தம்முடைய சாயலில் படைத்தார். அழியாத ஆத்துமா மனிதனுக்கு மட்டும்தான். மிருகம் செத்தால் அது மண்ணோடு முடிந்துவிடுகிறது. அதற்கு நியாயத்தீர்ப்பும் இல்லை, நரகமும் இல்லை. "அதுங்களை ஆள்ற பொறுப்பை நம்மகிட்ட கொடுத்திருக்கார். அவ்வளவுதான் ஐயா."

"அப்போ ஒரு மிருகத்தை... தேவைக்காகக் கொன்னா, அது கொலைபாதகம் இல்லையே ஐயா?"

"இல்லை ஐயா. நாம ஆடு, கோழி சாப்பிடறோமே."

பஸ்ஸில் திரும்பி வரும்போது தேவபிச்சைக்கு மனது லேசாகிவிட்டது. கர்த்தருடைய ஊழியக்காரரே சொல்லிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லக்கனிக்குக் கடலை வாங்கிக் கொடுத்தார். பிற்பாடு அவரை ராப்பகலாக அறுத்தது அந்த லேசான மனதுதான்.

மறுநாள் காலை செல்லக்கனி கேண்டீனுக்குக் கிளம்பும்போது, "கொஞ்சம் கூடுதலா சோறு வச்சுட்டுப் போட்டி" என்றார்.

"எதுக்கு?"

"மழையில நனைஞ்சு கெடக்குதுவ பாவம். வயிறாரத் திங்கட்டும்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆடு செத்த நாளிலிருந்து, சோற்றை நீட்டும்போதுகூட அவர் நாய்களின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை, அதுவே அவளுக்குக் குறையாக இருந்தது. சோறு வடித்து, முந்தின நாள் கருவாட்டுக் குழம்பை ஊற்றி, தன் கையாலேயே பிசைந்து வைத்துவிட்டுப் போனாள். "லேயாளுக்கு முள்ளு எடுத்துட்டுக் குடுங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேவபிச்சை ஓட்டின் சந்திலிருந்து பொட்டலத்தை எடுத்தார்.

சுவருக்குப் பின்னால், எருக்கஞ்செடிகள் நின்ற இடத்தில், தட்டுகளை வைத்தார். செவலையும் மொட்டைவாலும் பாய்ந்து வந்து தின்றன. லேயாள் வழக்கம்போல் ஒதுங்கி உட்கார்ந்து அவர் கையைப் பார்த்தது. அவர் உருண்டை பிடித்தார். கருவாட்டுக் குழம்பில் முள் இருக்கிறதா என்று அந்த நேரத்திலும் அவர் விரல் தேடியது. உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

லேயாள் மோந்து பார்த்தது. மூக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டது. தலையைச் சாய்த்து, நல்ல கண்ணால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அதற்கு ஏதோ தெரிந்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். ஒரே ஒரு நொடி, இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தார். ஆனால் மடியில் ஆட்டின் தலையை வைத்துக்கொண்டிருந்த தெய்வாத்தாளின் முகம் கண்முன் வந்தது. போதகர் சொன்னதும் வந்தது.

"தின்னுட்டி" என்றார்.

அது தின்றது. அவர் சொன்னார் என்பதற்காகத் தின்றது. எப்போதும்போல் கையைச் சுத்தமாக நக்கியது.

வலி வந்ததும் செவலை புதருக்குள் ஓடியது. மொட்டைவால் சுவரில் முட்டிக்கொண்டு சுற்றியது. லேயாள் எங்கும் போகவில்லை. கால்கள் தள்ளாட அவரிடம்தான் வந்தது. தனக்கு என்னவோ ஆகிவிட்டது, இவரிடம் போனால் சரியாகிவிடும் என்பதுபோல வந்து, அவர் காலடியில் படுத்து, முகத்தை அவர் பாதத்தின்மேல் வைத்தது. அவர் அசையாமல் நின்றார். உட்காரக்கூட அவருக்குத் துணிவில்லை. அதன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கடைசிவரைக்கும் வாலின் நுனி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் செல்லக்கனி வந்தபோது அவர் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. எருக்கஞ்செடிப் பக்கம் புதுமண். அவள் மண்ணைப் பார்த்தாள், தட்டுகளைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் பெசஞ்ச சோத்துலயா?" என்றாள்.

அவர் மறுபடியும் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

"லேயாளுக்கு எப்படிக் குடுத்திய? அது தட்டுல திங்காதே."

அவர் தன் கையைப் பார்த்தார். அவளும் அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மூன்று வேளையும் அவருக்குச் சோறு எடுத்து வைத்தாள். துணி துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கூடவே பஸ்ஸில் வந்தாள். ஆனால் பேச்சு நின்றுபோனது. அவர் கைபட்ட எதையும் அவள் சாப்பிடவில்லை.

இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு நாள் பொழுது விடிகிற நேரத்தில் மணியன் சுவரைச் சுற்றி ஓடிவந்தார். வேட்டியெல்லாம் சேறு. கையில் தடி. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், மூச்சு வாங்கியது.

"மறுபடியும் வந்துருச்சுங்கண்ணா. கண்ணுல பாத்தனுங்க. வேற நாயிக ஒரு கூட்டமே வந்துச்சு, ஒண்ணொண்ணும் கன்னுக்குட்டி ஒசரம். பள்ளத்தோரம் கோழிக்கடைக் கழிவு கொட்டறாங்கல்லங்க, அங்கிருந்துதான் வருது. தொரத்திட்டு அங்க வரைக்கும் போனனுங்க. குட்டை மாதிரி ரத்தமும் கொடலும் கெடக்குது. எந்த நாயி போய் வாய வெச்சாலும் வாயெல்லாம் ரத்தமாத்தானுங்க இருக்கும்." அவர் குரல் உடைந்தது. "உங்க நாயிக பண்ணலீங்கண்ணா. தப்புப் பண்ணிட்டமுங்க. பாவத்தக் கட்டிக்கிட்டமுங்க."

தேவபிச்சை கேட்டைத் திறந்து அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். வீட்டு வாசலில் செல்லக்கனி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

மணியன் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். "அம்மிணி, அந்தக் கெழட்டு நாயி நல்ல சென்மம் எடுத்து வருமுங்க. உசுரு எங்க போகுது? ஏதாச்சும் ஒரு ஊட்டுல பொறக்கும். நீங்க வெசனப்படாதீங்க."

செல்லக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்களுக்கு அப்படிக் கிடையாதுங்கய்யா" என்றாள். "எங்க வேதத்துல பொறப்பு ஒரு தடவதான்."

சர்ச்சில் அப்பம் கொடுக்கிற அந்த மாதத் திருவிருந்து அதற்கு அடுத்த ஞாயிறு. ஆட்கள் வரிசையாகப் போய்ப் பலிபீடத்துக்கு முன்னால் முழங்கால்படியிட்டுக் கையை ஏந்தினார்கள். தேவபிச்சையும் போய் முழங்கால்படியிட்டார். போதகர் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் அப்பத்தை வைத்துக்கொண்டே வந்தார். இவர் முறை வந்தது. உள்ளங்கையை விரித்தார். விரித்த கையைப் பார்த்தார். அப்பத்தை வைக்கப் போதகர் குனிந்தார். தேவபிச்சை கையை மூடிக்கொண்டு எழுந்தார். எல்லோரும் பார்க்க, பின்னால் நடந்து, வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துப் போதகர் சைலஸ் மோட்டார் சைக்கிளில் அவர் வீட்டுக்கு வந்தார். செல்லக்கனி நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு அடுப்படி வாசலில் நின்றுகொண்டாள். தேவபிச்சை நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னார். போதகர் முகம் வெளிறிப்போனது.

"அதுக்காகத்தான் அன்னைக்குக் கேட்டீங்களா ஐயா?"

"ஆமா ஐயா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பியளா?"

போதகர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "நான் சொன்னது படிச்சதைத்தான்" என்றார். "சபைப் பெரியவங்க அப்படித்தான் சொல்லிட்டு வந்திருக்காங்க. ஆனா ஒரு சின்னக் குருவி செத்து விழறதுகூடப் பிதாவுக்குத் தெரியாம நடக்காதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்கார். அதையும் உங்களுக்கு நான் சொல்லியிருக்கணும். நீங்க கேட்டதுக்கு எனக்கு உண்மையிலேயே முழுசாத் தெரியாது ஐயா."

தேவபிச்சை அதைக் கேட்டுக்கொண்டே தரையைப் பார்த்திருந்தார்.

"அப்போ நான் குடுக்கும்போது அவரு அங்கதான் இருந்திருக்காரு" என்றார். "பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு."

போதகர் அவர் கையைப் பிடிக்க வந்தார். தேவபிச்சை இழுத்துக்கொண்டார்.

"ஐயா, தப்பா நெனைக்காதிய. அதுக்கு ஆத்துமா இல்லாம இருந்தா நல்லதுன்னு அன்னைக்கு நெனைச்சேன். இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். இன்னைக்கு இருக்கணுமேன்னு கெடந்து தவிக்கேன். ஆத்துமா இருந்தா, அங்க போயி அது கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுருவேன். என்னைப் பாத்து அது மொகத்தைத் திருப்பிக்கிட்டாலும் சரி. மண்ணோட முடிஞ்சு போச்சுன்னா நான் யார்ட்ட போயிக் கேப்பேன்? கேக்கதுக்கு ஆளில்லையே ஐயா."

"ஆண்டவர்கிட்ட கேளுங்க. அவர் மன்னிப்பார்."

"அவரு மன்னிப்பாரு ஐயா. அது எனக்குத் தெரியும். ஆனா செத்தது அவரில்லையே."

அடுப்படி வாசலில் செல்லக்கனி விசும்பும் சத்தம் கேட்டது. போதகர் எழுந்தார். நாய்களைப் புதைத்த இடத்துக்குப் போய் ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். நாய்களுக்கு ஜெபம் பண்ண சர்ச்சில் முறை எதுவும் கிடையாது என்பது மூவருக்குமே தெரியும். ஆனாலும் கேட்டார்.

"அதுவளுக்கு என்னத்துக்கு ஐயா ஜெபம்?" என்றார் தேவபிச்சை. "அதுவ ஒண்ணும் செய்யலையே."

போதகர் அந்தத் தரையிலேயே முழங்கால்படியிட்டார். வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. தேவபிச்சையும் பக்கத்தில் முழங்கால்படியிட்டார். அழுகை வந்தது, ஜெபம் வரவில்லை. போதகர் எழுந்தபோது அவர் கண்களும் சிவந்திருந்தன. "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

கார்த்திகை முடிவதற்குள் தேவபிச்சை அந்த வேலையை விட்டார். சுரேந்தர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். காதர்பேட்டையில் ஒரு பனியன் குடோனில் பண்டல் கட்டுகிற வேலை கிடைத்தது. பக்கத்துச் சந்தில் மாடியில் ஒரு அறை. மணியன் மிச்சம் இருந்த ஆடுகளையும் விற்றுவிட்டார் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். கிளம்புகிற அன்று அவரும் தெய்வாத்தாளும் ரோட்டுவரை வந்து வழியனுப்பினார்கள். 

செல்லக்கனி மெல்ல மெல்லத் தேவைக்குப் பேசினாள். உப்பு வாங்கணும், குழாயில தண்ணி வந்துட்டு, இப்படி. அவர் தட்டில் கைவைத்துச் சாப்பிடும்போது மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவரும் அவள் பார்க்கச் சாப்பிடுவதை விட்டுவிட்டார். குடோன் சந்தில் ஒரு குட்டிநாய் அவர் பின்னாலேயே வந்து காலை மோந்து பார்த்தது. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தார்.

மார்கழியில் மறுபடியும் திருவிருந்து ஞாயிறு வந்தது. அவர்கள் சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்காருவார்கள். தேவபிச்சை ஆண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சில் இருந்தார். எல்லோரும் எழுந்து முன்னால் போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. போதகர் பலிபீடத்திலிருந்து ஒருமுறை அவர் இருந்த திசையைப் பார்த்துவிட்டு, அடுத்தவர் கையில் அப்பத்தை வைத்தார்.

செல்லக்கனியும் எழுந்து போகவில்லை. பெண்கள் பக்கம் காலியான பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, எழுந்து, நடுவில் இருந்த நடைபாதையைத் தாண்டி, ஆண்கள் பக்கம் வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

"நீ போயி வாங்கலாமேட்டி" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "நீ என்ன செஞ்ச?"

"நாந்தானே பெசஞ்சேன்" என்றாள் செல்லக்கனி.